துண்டுக்கடியில் வந்த கை

வயிற்றுக்குள்ளிருந்து கை வந்த அந்த வெள்ளிக்கிழமை ஆனைக்கல்வலசுச் சந்தையில் காளைக்கன்றுகளின் விலை படுத்துவிட்டிருந்தது, ஊரே அந்தக் கடுப்பில் இருந்தது, அதனால் கை வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த கை என்ன விலை கேட்கிறது என்பதைத்தான் எல்லோரும் விசாரித்தார்கள்.

எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்கிறவன் தரகன் இல்லை. தரகன் என்றால் தோளில் துண்டு இருக்க வேண்டும். அந்தத் துண்டை விரித்து அதற்கடியில் விற்கிற கையும் வாங்குகிற கையும் சந்திக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, விரலைப் பாதியில் மடக்கினால் அரை, உள்ளங்கையில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் சம்மதம், கையை மூடி முஷ்டியாக்கினால் போய்விட்டு வா. முடிந்ததும் வாங்கினவன் தன் புதுக்கயிற்றைப் போட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போவான், பழைய கயிறு விற்றவனுக்கு. மேலே முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. அழுத்தின பிறகு பேச்சு மாறக்கூடாது, மாறினவனுடைய துண்டுக்கடியில் அப்புறம் ஒருத்தனும் கை விடமாட்டான். இந்த வழக்கத்தை இந்தச் சந்தையில் கறாராக நடத்துகிறவனே நான்தான், ராக்கியண்ணன். விலை முடிந்த பிறகு திரும்பி வந்து கண்ணைக் கசக்குகிறவன் எவனாக இருந்தாலும் முஷ்டியைக் காட்டி அனுப்புகிறவன், பள்ளிக்கூடத்து வாசலை மாடு ஓட்டிப் போகும்போது மட்டும் பார்த்தவன், கோபம் வந்தால் சொந்த மச்சான் என்றும் பார்க்காதவன்.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் பரோட்டாவும் ஆட்டுக்கறியும் தின்றுவிட்டு லாரி நிழலில் மல்லாந்து, துண்டை வயிற்றின் மேல் விரித்து, அதற்கடியில் கையை வைத்துக்கொண்டு கண்ணயரப் போனபோதுதான் தொப்புளுக்குக் கீழேயிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. பிடியில் இருந்த நிதானத்தை வைத்தே தெரிந்துகொண்டேன், இது பழகின கை. துண்டைத் தூக்கிப் பார்த்தால் வயிறும் மயிரும் அரைஞாண் கயிறும் மட்டும்தான் இருந்தன. துண்டைப் போட்டால் கை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஐந்து கேட்டது.

எதில் ஐந்து என்று சந்தையில் யாரும் கேட்பதில்லை, கண்ணெதிரே எது நிற்கிறதோ அதுதான் பேச்சு. என் கண்ணெதிரே ஓர் எருமை நின்று சோளத்தட்டு மென்றுகொண்டிருந்தது. புரிந்துவிட்டது. தட்டு, தவிடு, தோல், தண்டு, கீரை, பயறு, பல்லில் சிக்குகிற நாரெல்லாம் சேர்த்து தினம் ஐந்து கைப்பிடி உள்ளே வர வேண்டும் என்று உள்ளே குடியிருக்கிறவர்கள் கேட்கிறார்கள்.

என்னிடமா கேட்கிறீர்கள் என்று எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கம்மந்தவிட்டையும் முருங்கைத்தழையையும் தின்று வளர்ந்தவன் நான், பிரியப்பட்டு இல்லை, வேறு இல்லாமல். அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்துக் கயிறு பிடித்து உள்ளங்கை காய்த்தவன், முதல் தரகில் வாங்கித் தின்ற வெள்ளைச் சோறு இலையில் மல்லிகைப்பூ கொட்டின மாதிரி இருந்தது, அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு செய்தேன், இனிமேல் தவிடும் தட்டும் மாட்டுக்கு, நான் மாட்டை விற்கிறவன் என்று. அதிலிருந்து என் வீட்டில் அரிசி பட்டை தீட்டித் தீட்டிக் கண்ணாடியாக வரும், என் பெண்டாட்டி பாவாயி பொரியல் வைத்தால் அது தட்டின் ஓரத்திலேயே கிடந்து காய்ந்து கோழிக்குப் போகும்.

அதனால் அரை விரலை மடக்கிக் காட்டினேன். அரைக் கைப்பிடி. குழம்பில் கிடக்கிற கறிவேப்பிலையும் மல்லித்தண்டுமே அந்தக் கணக்குக்கு வந்துவிடும். அவர்கள் நான்குக்கு இறங்கினார்கள், நான் அரை. மூன்று என்றார்கள், நான் அரை. கொஞ்சநேரம் கை சும்மா கிடந்தது. அப்புறம் என் உள்ளங்கையில் பெருவிரல் ஒன்று வந்து அழுத்தியது.

எதிராளி அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் ஒரு தரகனுக்கு முதுகில் ஊர வேண்டும். எனக்கு ஊரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போனேன்.

டீக்கடையில் மஸ்தான் பாய் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்த தரகர், கைராசிக்காரர் என்று பெயர், ஆனால் இளகின மனசு, தரகுக்கு அது ஆகாது.

"என்ன ராக்கியண்ணா, உங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க பாய். அரைக்கு முடிச்சுப்போட்டேன்."

"எனக்குத் தொழுதுட்டு வந்து படுத்தப்ப வந்துச்சு. அஞ்சு கேட்டாங்க, அஞ்சும் குடுத்துட்டேன்."

"எதுத்து ஒரு பேச்சுக்கூடப் பேசலையா?"

"உள்ளாற இருக்கறவங்க. நம்மகிட்ட கட்டுபடியாகலேன்னா வெளிய வந்து வேற கடையா பாக்க முடியும்? பாவம்ல."

டீக்கடையே சிரித்தது. "பாய், உங்க வயித்துக்குள்ள இருக்கறவங்க உங்களுக்குச் செலை வெப்பாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை, மெதுவாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார், அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த சந்தைக்குள் ஊர் முழுக்க வயிறுகள் கை நீட்டியிருந்தன, ஊரும் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. தாராபுரம் பஸ்ஸில் ஆண்கள் வரிசையாக மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேரம் பேசிக்கொண்டு போனார்கள், கண்டக்டர் சீட்டுக் கொடுக்க அவர்கள் கை வெளியே வரும்வரை காத்து நின்றார். பரோட்டாக் கடையில் பேரம் முடிந்தவர்கள் எழுந்து இடம் விடவும் என்று அட்டை தொங்கியது. கைக்குட்டைக்கு வயிறு மசியாது, இரண்டு கை மறைகிற அளவுக்கு அகலம் வேண்டும் என்பது தெரிந்ததும் ஜவுளிக்கடையில் துண்டு தீர்ந்துபோய் ஈரோட்டிலிருந்து லோடு வந்தது. பெண்களுக்கு முந்தானையே போதுமாக இருந்தது, அவர்கள் பேரத்தை அடுப்படியிலேயே முடித்துக்கொண்டு என்ன முடித்தார்கள் என்று வெளியே சொல்லவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு மாப்பிள்ளையின் வயிறு என்ன விலைக்கு முடிந்திருக்கிறது என்று கேட்டார்கள், அரையில் முடித்தவனுக்குக் கெட்டிக்காரன் என்று பெயர் வந்து பெண் கிடைத்தது. பொங்கலில் பாதியை அம்மன் வயிற்றில் இருக்கிறவர்களுக்கு என்று பூசாரி தனியாக எடுத்து வைத்தார், அதை யார் தின்றார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. கைக்குழந்தைகளின் வயிற்றில் கைவைத்த தாய்மார்கள் மட்டும் ஒன்று சொன்னார்கள்: குழந்தையின் உள்ளேயிருந்து வந்த கை தாயின் சொந்தக் கையைப் போலவே இருக்கிறதாம், அரிவாள் வெட்டுத் தழும்பு முதற்கொண்டு. உள்ளே இருக்கிறவர்கள் குழந்தை பிறக்கும்போது அம்மாவிடமிருந்துதானே ஒட்டிக்கொண்டு போகிறார்கள், வேறு யார் கை வரும் என்று ஊர் அதையும் சொல்லி முடித்துவிட்டது.

எனக்கோ அது ராஜயோகம். ராக்கியண்ணன் தன் வயிற்றையே அரைக்கு முடித்தவன் என்று பேர் பரவி, தங்கள் வயிற்றோடு பேசச் சொல்லி ஆட்கள் வந்து என் முன்னால் மல்லாந்தார்கள். மிலிட்டரியில் இருந்து வந்தவர், நூல் மில் சூப்பர்வைசர், சர்க்கரை வியாதிக்காரர், வட்டிக்கடைக்காரர் என்று ஊரில் பாதி வயிற்றை நான் அடித்துப் பேசி அரைக்கும் முக்காலுக்கும் கொண்டு வந்தேன். எந்த வயிறும் சண்டை போடவில்லை. கொஞ்சநேரம் சும்மா இருக்கும், அப்புறம் பெருவிரல் வந்து அழுத்தும். தரகாகக் கறிப் பொட்டலம் வந்துகொண்டே இருந்தது.

மழை வந்து போயிற்று, சோளம் அறுத்தார்கள், என் வயிறு எரிய ஆரம்பித்தது. முதலில் பச்சைமிளகாய் என்று நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்தால் எரிந்தது, நின்றால் முறுக்கியது, காலையில் கக்கூஸில் ரத்தத்தைப் பார்த்தேன். மூலம் என்று ஒருத்தன் மருந்து கொடுத்தான், சூடு என்று ஒருத்தன் மோர் குடிக்கச் சொன்னான். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டேன். ஊரில் நான் பேசி முடித்த வயிறுகளும் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன, மிலிட்டரிக்காரர் தடி ஊன்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மஸ்தான் பாய் மட்டும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு திரிந்தார்.

சந்தையில் மாட்டு டாக்டர் எஸ்தரம்மா ஒரு சினைப்பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைபோடுவதை நிறுத்திவிட்ட பசு. பக்கத்தில் நல்ல காளை ஒன்றை நிறுத்தி, அதன் முன்வயிற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இழுத்து, பச்சையாக நுரைத்துக்கொண்டிருந்த அதைப் பசுவின் வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன ராக்கியண்ணன், அரைக்கு முடிச்ச வயிறு பேசுதா?"

"எரியுதுங்கம்மா. அது கெடக்குது, இது என்னத்துக்குங்க அடுத்த மாட்டோட எச்சிலை இதுக்கு ஊத்தறீங்க?"

"மாடு தட்டைத் தின்னுதுன்னு நெனைக்கறீங்களா? மாடு மெல்லுது, அவ்வளவுதான். தின்னறது உள்ளே இருக்கறவங்க. கண்ணுக்குத் தெரியாது, கோடி கோடியா இருக்காங்க. அவங்க புளிக்க வெச்சு எறக்கிக் குடுக்கறதைத்தான் மாடு சாப்பிடுது. இந்தப் பசுவுக்கு உள்ளே இருக்கறவங்க செத்துட்டாங்க. அதான் வாய் நெறையத் தீவனம் இருந்தும் பட்டினி கெடக்குது. காளைகிட்ட கொஞ்சம் பேரைக் கடன் வாங்கிக் குடிவெக்கறேன்."

"அது மாடுங்க. நான் மனுசன்."

"மாட்டுக்கு முன்வயித்துல, உங்களுக்குக் கடைசிக் குடல்ல. சோறும் கறியும் மேலேயே கரைஞ்சு ரத்தத்துக்குப் போயிரும். நாரை மட்டும் கரைக்க நம்ம உடம்புக்குத் தெரியாது, அது அப்படியே கீழே போகும். அங்கே இருக்கறவங்களுக்குத் தெரியும். ராத்திரி வெச்ச தோசைமாவு என்ன பண்ணுது, பொங்குதில்ல, அப்படிப் பொங்க வெப்பாங்க. காத்து வரும், புளிப்பு எறங்கும். அந்தப் புளிப்புதான் குடல் செவுத்துக்குச் சாப்பாடு. செவுறு அதைக் குடிச்சுட்டுத்தான் உயிரோட நிக்குது."

"அரைக் கைப்பிடிதாங்க போகுது, பல மாசமா."

எஸ்தரம்மா குழாயை வாளியில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மிச்சத்துக்கு அவங்க எதைத் திங்கறாங்கன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. எந்தத் தரகன் கேட்பான்? விற்கிறவன் அப்புறம் வீட்டுக்குப் போய் என்ன தின்பான் என்று நான் யாரையும் கேட்டது கிடையாது.

"செவுத்து மேல வழவழன்னு கோந்து மாதிரி ஒரு பூச்சு இருக்கும். நாரு வரலேன்னா அதை வழிச்சுத் திங்கறாங்க. பூச்சு போயிட்டா அப்புறம் செவுறு வெறுஞ்செவுறு. நீங்க பாக்கற ரத்தம் அங்கேயிருந்து வருது."

அடித்துப்போட்ட மாதிரி நின்றேன். காதில் சந்தைச் சத்தம் நின்றுபோயிற்று. இத்தனை மாசம் நான் ஏப்பம் விட்டுக்கொண்டு திரிந்தபோது, கறிப் பொட்டலம் பிரித்தபோது, பாயைக் கேலி பேசிச் சிரித்தபோது, அவர்கள் உள்ளே உட்கார்ந்து என் வீட்டுச் சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள், திருட்டுத்தனமாக இல்லை, பேசி முடித்த பேச்சுப்படி, நான் கொடுக்க மறுத்ததை நான் கொடுக்காத இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு. அவ்வளவு சீக்கிரம் ஏன் அழுத்தினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பசுவின் கொம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, துண்டை விரித்துக் கையை விட்டேன். ஒன்று கொடுத்தேன். முஷ்டி. மூன்று கொடுத்தேன். முஷ்டி. ஐந்தையும் சேர்த்து, அவர்கள் முதலில் கேட்ட ஐந்தையே கொடுத்தேன், கல்லைப் போல ஒரு முஷ்டி. என் வழக்கம், என்னிடமே வந்து நின்றது. கெட்ட வார்த்தையில் திட்டினேன், வயிற்றைக் குத்தினேன், எனக்குத்தான் வலித்தது. சரி, கேட்காவிட்டால் போங்கள் என்று ஒரு சட்டி முளைக்கீரையும் வாழைத்தண்டும் கொள்ளும் வேகவைக்கச் சொல்லி அள்ளித் தின்றேன். பேச்சில் இல்லாத சரக்கை அவர்கள் தொடுவார்களா? உள்ளே போன மாதிரியே, கொள்ளு கொள்ளாகவும் தண்டு தண்டாகவும், மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு ரத்தமும் வந்தது, முன்னைவிட அதிகமாக. அடுத்த மாரியம்மன் நோன்பு சாட்டும்போது நான் இருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தரம்மாவும் இல்லையென்று சொல்லவில்லை.

பாவாயி முறத்தில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். என்னோடு முப்பது வருசம் குப்பை கொட்டியவள், என் கோபத்துக்கு எழுந்திருக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிற்று.

"ஏனுங்க, கயிறு மாத்துனீங்களா?"

"என்ன கயிறு?"

"வெலை அழுத்தறது பேச்சு. கயிறு மாத்துனாத்தான வியாபாரம். நீங்கதான வருவீங்க, கயிறு மாறாத மாடு இன்னும் வித்தவன் மாடுதான், போற வழியில செத்தாலும் அவந்தலையிலதான்னு, பக்கத்து ஊருக்காரனோட மல்லுக்கட்டிட்டு."

"வயித்துல மாடு ஏது புள்ளே?"

"வாங்கறவங்க யாரு?"

"நான்."

"விக்கறவங்க?"

"உள்ள இருக்கறவங்க."

"அப்ப மாடு எதுங்க?"

நான் கீழே குனிந்து பார்த்தேன். ஒட்டிப்போய் மடிப்பு விழுந்து கிடந்தது வயிறு. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஐம்பத்தைந்து வயசுவரைக்கும் இதை என்னுடையது என்று நினைத்துச் சோறு போட்டுப் பெல்ட் போட்டுத் தட்டிக்கொடுத்து வந்திருக்கிறேன். இது அவர்களுடையது. அவர்கள் கட்டின தொழுவத்தில் நான் காசு கொடுக்காமல் நின்றிருக்கிறேன்.

பாவாயி எட்டி என் அரைஞாண் கயிற்றைச் சுண்டினாள். கறுப்பு நூல், வெளுத்துச் செம்பட்டையாகியிருந்தது. "இந்தப் பழைய கயித்தோடதான மாடு இன்னும் நிக்குது" என்றாள். "வியாபாரம் முடியவே இல்லைங்க. வெள்ளிக்கெழமை சந்தைக்குப் போலாம். கயிறு மாத்தறது நாலுபேர் பாக்கறாப்பல மாத்தோணும்."

"என் கையைக் கண்டாலே முஷ்டி கட்டறாங்க."

"உங்க கைய யாரு கேட்டா?"

வெள்ளிக்கிழமை பெரிய தகராறு. சந்தைக்குள் பெண்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், சாணி அள்ளலாம், துண்டுக்கடியில் கை விட்டதாக வழக்கமில்லை. தரகர்கள் கூடிக் கத்தினார்கள். வயிறு கூட ஆம்பளை வயிறுதானே என்றான் ஒருத்தன். "அந்த வயித்துக்கு இத்தனை வருசம் பொங்கிப் போட்டது யாருங்க, நீங்களா?" என்றாள் பாவாயி. அழுத்தின பேச்சை மாற்றுகிறதா என்று இன்னொருத்தன் வந்தான். அதற்கு மஸ்தான் பாய்தான் எழுந்தார்.

"கயிறு மாறலைல்ல? மாறலேன்னா மாடு இன்னும் நிக்குது. நிக்கற மாட்டுக்கு யாரு வேணா வெலை கேக்கலாம்." சொல்லிவிட்டு என் துண்டைப் பார்த்தார். "ஆனா அந்தத் துண்டு பழைய பேச்சுத் துண்டு, அது ஆகாது." தன் தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருடைய துண்டில் வறுத்த கடலை வாசனை வந்தது.

சந்தை நடுவில், மாடு இறக்குகிற மண்மேட்டில் நான் மல்லாந்தேன். ஊரே சுற்றி நின்றது, நான் பேசிக் கெடுத்த வயிறுகள் முன்வரிசையில், ஆளாளுக்குத் தங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பாவாயி துண்டை விரித்துக் கையை விட்டாள். துண்டுக்கடியில் நடப்பது யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், என் வயிற்றின் மேல்தானே நடக்கிறது.

முஷ்டி வந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. கன்றுக்குட்டியின் மூக்குக்கு விரல் கொடுக்கிற மாதிரி பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எருமை ஒன்று கத்தியது. யாரோ சைக்கிள் மணியடித்து, அடித்தவனை நாலு பேர் அதட்டினார்கள். முஷ்டி மெதுவாகத் திறந்தது.

பாவாயி ஐந்தையும் கொடுத்தாள். எடுத்த எடுப்பில். அடிப்பாவி என்று நான் பல்லைக் கடித்தேன், முதல் விலையே கடைசி விலையா, இப்படியா பேசுவார்கள்?

அந்தக் கை அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி மடித்தது. மூன்றை மடித்துவிட்டு இரண்டை மட்டும் பிடித்தது.

அவள் திரும்ப ஐந்தை நீட்டினாள். அது திரும்ப மூன்றை மடித்தது. வாங்குகிறவள் ஏற்றுகிறாள், விற்கிறவன் இறக்குகிறான், துண்டு மேலும் கீழும் அசைவதை வைத்தே சந்தைக்கு விஷயம் புரிந்துபோய் ஒரு முனகல் எழுந்தது. கொடுக்கிறதை வேண்டாம் என்கிற கையை என் வாழ்நாளில் துண்டுக்கடியில் நான் பிடித்தது கிடையாது. இதைவிடப் பெரிய தந்திரம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு வேர்த்துக்கொட்டியது.

"நிறுத்தம்மா" என்று கூட்டத்திலிருந்து எஸ்தரம்மாவின் குரல் வந்தது. "அவங்க சொல்றதுதான் சரி. காஞ்சுகெடந்த வயித்துல ஒரேடியா அஞ்சு எறக்குனா பொங்கிப் பொங்கி ஆளு வெடிச்சுருவாரு. இப்ப ரெண்டு. செவுறு ஆறட்டும். பொறவு மூணு, நாலுன்னு ஏத்திக்கலாம்."

தந்திரம் ஒன்றுமில்லை. என் சுவருக்காக அவர்கள் தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாவாயி அந்தக் கையைச் சட்டென்று விடவில்லை. அவள் முகம் மாறியது, துண்டுக்கடியில் விலை பேசும்போது மாறக் கூடாத முகம்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "சுண்டுவிரலு கோணையா இருக்குதுங்க. வெளிப்பக்கமா."

சந்தையில் வயசானவர்கள் சிலருக்கு அது புரிந்தது. ராகி திரிக்கும்போது திருகைக்கல் நசுக்கி வெளிப்பக்கமாகக் கோணிப்போன சுண்டுவிரல் இந்த ஊரில் ஒருத்திக்குத்தான் இருந்தது, என்னைப் பெற்றவளுக்கு. அந்தக் கையோடுதான் அவள் எனக்கு முருங்கைத்தழை உருவிப்போட்டாள், கம்மந்தவிட்டைப் பிசைந்து ஊட்டினாள், நான் முதல் தரகு வாங்குவதற்கு முந்தின கோடையில் செத்துப்போனாள். லாரி நிழலில் அந்தக் கை என் கைக்குள் எவ்வளவு நேரம் இருந்தது. ஐந்திலிருந்து அரைக்கு அடித்துப் பேசினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்தேன், சுண்டுவிரலையும் பிடித்தேன். எண்ணுவதற்குத்தான் பிடித்தேன்.

 

"அழுத்திட்டாங்க" என்றாள் பாவாயி. அவளும் அழுத்தினாள், எனக்கு வயிற்றில் தெரிந்தது. மடியிலிருந்து புதுக் கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்தாள். மாட்டுக்கு மாற்றுகிற மாதிரியே, முதலில் புதியதைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு அப்புறம் பழையதைக் கத்தரித்தாள், ஒரு நிமிஷம்கூட மாடு கயிறில்லாமல் நிற்கக் கூடாது. மஸ்தான் பாய் குனிந்து முடிச்சைப் பார்த்துத் தலையாட்டினார். முன்வரிசையில் மிலிட்டரிக்காரர் தன் சட்டையைத் தூக்கிப் பழைய அரைஞாணைத் தேட ஆரம்பித்திருந்தார், அவர் பெண்டாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

பாவாயி வெட்டின பழைய கயிற்றைச் சுருட்டினாள். இருபது வருசப் பருத்திநூல், வியர்வை குடித்து வெளுத்தது. அதைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை, துண்டுக்கடியில், தொப்புளுக்குக் கீழே வைத்து மூடினாள்.

கொஞ்சநேரம் கழித்து மஸ்தான் பாய் தன் துண்டை எடுத்துக்கொள்ள வந்தார். எடுத்தார். வயிறு இருந்தது, மயிர் இருந்தது, புதுக்கயிறு இருந்தது. பழைய கயிற்றைக் காணோம்.

பழைய கயிறு விற்றவனுக்கு. சந்தை வழக்கம் அது, எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.